பானை அடியைத் துடைத்த வேட்டி

என் பிள்ளைக்கு,

நான் சுகம். என் கோபமும் நல்ல சுகத்தோடு இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து போன் எடுத்து மண்டபம், மாலை, ஐயர், வீடியோக்காரன் என்று எல்லாம் கதைத்து முடித்தாய். வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, கோவிக்காதேங்கோ. பொம்பிளை வீட்டாருக்கு முன்னாலை அந்த அடுப்புக் கதையை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ." நானும் "ஓம் ராசா, எடுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை நானே கிள்ளவேண்டும் போல இருந்தது. வங்கியில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளை, மாமனார் வீட்டுக் கதிரையில் நெளியக்கூடாது என்று நினைக்கிறாய், அது எனக்கு விளங்குகிறது. அந்த வீட்டின் பெரியவர் ஒரு காலத்தில் எங்களை வெளியே போகச் சொன்னவர் என்பது சபையில் வந்தால் உனக்கும் சங்கடம், நீ கட்டப்போகிற சுகந்திக்கும் சங்கடம் என்று பயப்படுகிறாய். அதுவும் விளங்குகிறது. ஆனால் கதைக்காதே என்றுதானே சொன்னாய். எழுதாதே என்று நீ சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன். முழுவதும் வாசி.

ஏனென்றால் நீ அந்தக் கதையை ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. நான் பானை தேய்க்கிறபோது ஒரு துண்டு, அப்பாவோடு சண்டை பிடிக்கிறபோது ஒரு துண்டு, ஆராவது காஸ் சிலிண்டருக்கு அழுகிறபோது ஒரு துண்டு, இப்படித்தான் உன் காதில் விழுந்திருக்கும். துண்டு துண்டாகக் கேட்டபடியால்தான் அது உனக்கு வெட்கக்கதையாகத் தெரிகிறது. முழுவதும் தெரிந்தால் நீயே மண்டபத்தில் மைக்கைப் பிடுங்கிச் சொல்லுவாய்.

சண்டைக் காலத்தில் நாங்கள் கப்பல்துறையில் இருந்த வீட்டை விட்டு ஓடி வந்தோம். நீ அப்போது என் வயிற்றில். உன் அப்பா கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் என்று எல்லோருக்கும் சொல்லுவார். பொய். கையில் அகப்பட்டதை அல்ல, தேடி எடுத்ததைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். என் கூறைச்சேலையை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, என் அண்ணன் கலியாணத்துக்குத் தந்த பித்தளை அடுப்பை ஒரு மரக்கறிக் கூடைக்குள் வைத்துத் தோளில் சுமந்து வந்தார் அந்த மனுசன். வீடு எரிந்ததோடு சேலையும் போனது. சேலைக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அடுப்புக்காக ஒவ்வொரு நாளும் மனதுக்குள் கும்பிடுகிறேன். அதை அவருக்குச் சொல்லிப்போடாதே, தலைக்குமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

அது காற்றடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு. நீ பார்த்திருக்கிறாய், ஆனால் அதை ஒரு பழைய சாமானாகத்தான் பார்த்திருக்கிறாய். கீழே வயிறு மாதிரி எண்ணெய்த் தாங்கி, பக்கத்தில் காற்றடிக்கிற பம்ப், மேலே பர்னர். காற்று நெருக்கினால் எண்ணெய் மேலே ஏறும். பர்னரின் சூட்டில் அது ஆவியாகும். ஊசி முனை அளவு ஓட்டை உள்ள ஒரு சின்னத் திருகாணி வழியாக அந்த ஆவி சீறிக்கொண்டு வந்து நீல நிறமாக எரியும். நீலமாக எரிந்தால் புகை இல்லை, கரி இல்லை, ஒரு பானைத் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் கொதிக்கும். இவ்வளவுதான் சங்கதி.

அந்த அடுப்பை நம்பித்தான் துணிக்கடை முதலாளி, அதுதான் உன் சுகந்தியின் தாத்தா, எங்களுக்கு இடம் தந்தார். திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கம் அவருடைய துணிக்கடையோடு ஒட்டின ஒரு அறை. முன்பக்கம் சாப்பாட்டுக்கடை, பின்பக்கம் குசினி, குசினியின் மூலையில் எங்கள் பாய், பாய்க்கு மேலே பிறகு உன் ஏணைத் தொட்டில். அந்த அறைதான் கடை, அந்த அறைதான் வீடு. அதுவும் இல்லையென்றால் அகதி முகாம். அப்போது முகாமில் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் கிடந்த காலம். முதலாளி ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். "பிள்ளை, விறகு மட்டும் எரிக்கக்கூடாது. எனக்குப் பக்கத்திலை வெள்ளை வேட்டி அடுக்கிக் கிடக்குது. புகை வந்தால் என்ரை யாவாரம் போச்சு." நான் அடுப்பைக் காட்டினேன். பற்றவைத்தும் காட்டினேன். நீலச் சுவாலையைப் பார்த்துவிட்டுச் சாவியைத் தந்தார்.

கடை நல்லாக ஓடியது. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. போகிற சனமெல்லாம் திருகோணமலைக்கு வந்து கப்பலுக்குக் காத்திருக்கும். இன்றைக்குக் கப்பல் என்பார்கள், காலையில் இல்லை என்பார்கள். கிழடுகட்டைகள், பரீட்சை எடுக்கப் போகிற பிள்ளைகள், கலியாணச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்று பையும் பெட்டியுமாக வீதியோரம் இருப்பார்கள். அவர்களுக்கு என் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் தேவாமிர்தம். எறிகிற வாழையிலையைத் தின்ன, தெருவில் மாடு மாதிரித் திரிகிற எங்கள் ஊர் மான்கள் வாசலில் வந்து நிற்கும், அதுகளுக்கும் என் கடைதான் பிடித்த கடை. இடியப்பம் அவிய ஆவி வேண்டும், ஆவிக்குச் சீறுகிற நெருப்பு வேண்டும். என் அடுப்பு சீறுகிற சத்தம் கேட்டால்தான் சனம் கடைக்குள் கால் வைக்கும்.

பிறகு மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. பங்கீட்டுச் சங்கக்கடையில் கிடைப்பது விளக்குக்கே காணாது. அப்போதுதான் உன் அப்பா ஒருநாள் சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய கான் நிறைய எண்ணெயைக் கட்டிக்கொண்டு, ஏதோ போரில் வென்றவர் மாதிரி வந்து இறங்கினார். சல்லிக் கடற்கரையில் மீன்பிடிக்கிற கந்தையா அண்ணை கொடுத்தாராம். கடலுக்குப் போகத் தடை, படகு கரையில் கிடக்கிறது, எண்ணெய் சும்மாதானே கிடக்கிறது, கொண்டுபோ என்றாராம். நானும் துள்ளிக் குதித்தேன், பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு முட்டை கூடப் பொரித்துக் கொடுத்தேன்.

அந்த முட்டை வீண். கொஞ்ச நாளில் சுவாலை மஞ்சளானது. சீறல் போய் அடுப்பு மூக்கடைத்தவன் மாதிரிப் பொருமத் தொடங்கியது. பானை அடியில் கறுப்பு அப்பியது. இடியப்பம் அவியப் பிந்தியது, சனம் எழும்பிப் போனது. கரி தூள் தூளாக எழும்பிக் குசினியெல்லாம் பறந்தது. ஒருநாள் உன்னை ஏணையிலிருந்து தூக்கி மூக்கைத் துடைத்தேன். துணியில் வந்தது கறுப்பு. நீ இருமினாய். அந்த இருமல் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. ஐயோ, பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்குள் கரியை ஏற்றுகிறேனே என்று எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் கூட வந்தது. அந்தக் கோபத்தோடு நான் நிற்கிறபோதுதான் முதலாளி வந்தார்.

இரண்டு கையிலும் வேட்டிக் கட்டு. புது வேட்டிகள். மேலே மிளகு தூவினதுபோல் கரிப்பொட்டு. "இதென்ன பிள்ளை இது? ஆர் இதை வாங்குவான்? இழவு வீட்டுக்குக் கூடக் கட்டேலாது!" என்று கத்தினார். நான் அடுப்பைத் திருத்துகிறேன் என்றேன். "திருத்து, திருத்தாமல் விடு. வெள்ளிக்கிழமை காலமை நான் வந்து பாப்பன். கரி பறக்கிறது நிண்டிருக்கவேணும். இல்லாட்டிச் சாவியைத் தந்திட்டு மூண்டு பேரும் வெளிக்கிடுங்கோ." அந்த மூன்று பேரில் ஒரு ஆள் ஏணைக்குள் கிடந்து சிரித்தது. அது நீ. அவர் மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை, தம்பி. வேட்டிக்காரனுக்கு வெள்ளைதானே சோறு போடுகிறது.

முதலில் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். அடுப்பு ஊசியால் அந்தச் சின்ன ஓட்டையைக் குத்தினேன். கொஞ்ச நேரம் நீலம், பிறகு பழையபடி மஞ்சள். மீண்டும் குத்தினேன், மீண்டும் மஞ்சள். உன் அப்பா பக்கத்தில் நின்று, "புது பர்னர் ஒண்டு வாங்கினால் சரி" என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே வாங்குவது? கடைக்காரர் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். பித்தளைச் சாமான், கம்பிச் சாமான் ஒன்றும் சோதனைச் சாவடி தாண்டி வராத காலம். "வாங்குற கதையை விட்டுப்போட்டு என்னை யோசிக்க விடுங்கோ" என்று சத்தம் போட்டேன். அவர் போய் உன் ஏணையை ஆட்டத் தொடங்கினார். அதையாவது வடிவாகச் செய்வார்.

யோசித்தேன். அடுப்பு அதே அடுப்பு. பானை அதே பானை. மாறினது ஒன்றே ஒன்று, எண்ணெய். கானைத் திறந்து, விளக்கில் மிச்சமிருந்த சங்கக்கடை எண்ணெயில் ஒரு துளி, கானிலிருந்து ஒரு துளி, இரண்டையும் ஒரு கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் விட்டு வெயிலில் வைத்தேன். சங்கக்கடைத் துளி உலர்ந்து போனது, இடம் தெரியவில்லை. மற்றத் துளி வடை சுற்றின கடதாசி மாதிரி வட்டமாகப் பளபளத்துக்கொண்டு அப்படியே நின்றது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது. எனக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல் விளங்கிவிட்டது. "இஞ்சாருங்கோ, சல்லிக்குப் போய் அந்தக் கந்தையா அண்ணையைக் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று உன் அப்பாவைத் துரத்தினேன்.

வியாழக்கிழமை காலை கந்தையா அண்ணை வந்தார். பொத்தல் தைக்க எடுத்துவந்த வலை சைக்கிள் கைபிடியில் தொங்கியது. கடதாசியைக் காட்டினேன். மனுசன் பெருமையோடு சிரித்தார். "ஓம் தங்கச்சி, அது எஞ்சின் ஒயில் கலந்த எண்ணெயெல்லோ! படகு எஞ்சினுக்கு அப்பிடித்தான் கலந்து வைக்கிறனாங்கள். ஒயில்தான் விலை. வெறும் எண்ணெயைக் குடுக்க மனம் வரேல்லை, நல்லதாப் பாத்துத்தான் தந்தனான்." கேட்டாயா? அன்பு மிஞ்சித்தான் எங்கள் அடுப்புக்கு மூச்சடைத்தது. எஞ்சினுக்குப் போகவேண்டிய ஒயில் பர்னருக்குள் போய் எரிந்து, எரிந்து, உள்ளே கல்லாகக் கட்டிப்போய்க் கிடக்கிறது. நான் குத்தினது வாசலை. அடைப்பு வீட்டுக்குள்ளே. ஊசி அங்கே போகாது. கந்தையா அண்ணைக்கு விசயம் விளங்கினதும் முகம் சுண்டிப்போனது. அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பாவை ஏசினேன், அவர் பழகினவர்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஊரடங்கு என்று அறிவித்துக்கொண்டு வாகனம் போனது. இராணுவச் சுற்றிவளைப்பாம். சைக்கிளையும் உள்ளே ஏற்றிக் கடைக்கதவைப் பூட்டினோம். கந்தையா அண்ணை போக வழியில்லாமல் எங்களோடு உள்ளே அகப்பட்டார். விடிந்தால் வெள்ளிக்கிழமை. பர்னரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். வாயை வைத்து ஊதினேன், கன்னம் இரண்டும் உப்பினதே தவிர ஒரு மூச்சுக் காற்றும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆராவது அப்போது என்னைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள், நான் அதோடு சண்டை பிடிப்பதுபோல் ஊதிக்கொண்டிருந்தேன். கண் போய் மூலையில் கிடந்த கஞ்சிப் பானையில் விழுந்தது. நீ அழுததால் காலையில் அடிப்பிடிக்க விட்ட பானை. அடிப்பிடித்த பானையை நாங்கள் என்ன செய்கிறோம்? சுரண்டினால் வராது. பானையைக் காயவைத்து, சூட்டோடு பச்சைத் தண்ணீரை அடித்து ஊற்றினால் கருகல் தானாக வெடித்துக் கழன்றுவரும். பானைக்கு வந்தால் பர்னருக்கு ஏன் வராது?

சொன்னதும் இரண்டு ஆம்பிளைகளும் ஒரே குரலில் "ஏலாது!" என்றார்கள். "இஞ்சாரும், பித்தளை வெடிச்சுப்போடும். இருக்கிற ஒண்டும் போனால் நாளைக்கு என்ன செய்யிறது?" என்றார் உன் அப்பா. நியாயமான கேள்விதான். வெடித்தால் கடை போச்சு, கடையோடு வீடு போச்சு. ஆனால் வெடிக்காத பர்னரை வைத்துக்கொண்டும் நாளைக்கு வெளியே போகத்தானே போகிறோம்? "அடைச்ச பர்னரை அணைச்சுக்கொண்டு முகாமுக்குப் போறதிலும் பாக்க, வெடிச்ச பர்னரோடை போறன். தள்ளுங்கோ" என்றேன். தள்ளி நின்றார்கள்.

ஒரு உடைந்த மண்சட்டியில் சிரட்டைக்கரியை மூட்டினேன். வாசல் பூட்டி, புகை வெளியே போகாமல் இருட்டிக் கிடந்த குசினியில் அந்தத் தணல் மட்டும் தெரிந்தது. நீ தூங்கிவிட்டாய். உன் ஏணையை முன்பக்கம் மாற்றிக் கட்டினோம். பர்னரிலிருந்து ஓட்டைத் திருகாணியைக் கழற்றி வேறாக வைத்தேன், அது மெல்லியது, நெருப்பு தாங்காது. வெறும் பர்னரைத் தணலில் புதைத்து விசிறினேன். பித்தளை மெல்ல மெல்லச் சிவந்தது. கொளுத்திப்போட வேண்டாம், மங்கின சிவப்பு வந்தால் போதும், அதற்குமேல் விட்டால் உருகி வளையும். இடுக்கியால் தூக்கி, வாளித் தண்ணீருக்குள் போட்டேன்.

சீ... என்று ஒரு சத்தம். கந்தையா அண்ணை "முத்துமாரி ஆத்தே!" என்று கத்தினார். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. வாளித் தண்ணீர் மை மாதிரிக் கறுத்தது. பர்னரை எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மரக்கட்டையில் மெதுவாகத் தட்டினேன். கறுப்புச் செதில்கள் பொலபொலவென்று கொட்டின. திரும்பவும் தணல், திரும்பவும் தண்ணீர், திரும்பவும் தட்டல். பிறகு கந்தையா அண்ணையின் சைக்கிள் பிறேக் கம்பியிலிருந்து ஒரு இழையைப் பிரித்து, வளைவுக்குள் விட்டு ஆட்டி இழுத்தேன். பிறேக்கைக் கழற்றித் தந்தது அந்த மனுசன்தான். மறுபடி வாயை வைத்து ஊதினேன். தம்பி, காற்று போனது! விசில் அடித்ததுபோல் அந்தப் பக்கத்தால் பீய்ச்சிக்கொண்டு போனது. நான் அந்தப் பர்னரை ஊதி ஊதிக் குசினியைச் சுற்றி ஆடினேன். உன் அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து ஊதினேன். அவர் முகத்தில் கரி அப்பியது. அப்படியே சிரித்தார். எங்கள் வீடு எரிந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

சாம்பலும் புளியும் போட்டு வெளிப்பக்கத்தைத் தேய்த்தேன். பொன் மாதிரி வந்தது. திரும்பப் பூட்டப் போனால் பர்னருக்குக் கீழே இருக்கிற ஈய வாஷர் நைந்து இரண்டாகப் போய்க்கிடந்தது. அது இல்லாமல் பூட்டினால் அந்த இடத்தால் எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும். எல்லாம் செய்து கடைசியில் ஒரு வாஷருக்கு நிற்கிறோமே என்று நான் தலையில் கை வைத்தேன். கந்தையா அண்ணை எழும்பிப்போய், வலையின் அடியில் கோர்த்திருந்த ஈயக்குண்டு ஒன்றைப் பல்லால் கடித்து எடுத்து வந்தார். அம்மிக்குழவியால் தட்டித் தட்டித் தகடாக்கி, நடுவில் ஆணியால் துளைத்து, வளையமாக வெட்டித் தந்தார். பூட்டிவிட்டுக் காற்றடித்து, மூட்டில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம். ஒரு குமிழி எழும்பவில்லை. அந்த வாஷர்தான் இன்றைக்கும் அதற்குள் இருக்கிறது.

இனி எண்ணெய். ஒயில் கலந்ததைக் கானோடு கந்தையா அண்ணையிடமே திருப்பிக் கொடுத்தேன், படகுக்கு அது தங்கம், எனக்கு அது நஞ்சு. தாங்கியை வடித்து, விளக்கில் கிடந்த மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டுக் குலுக்கி வெளியே ஊற்றினேன். நிரப்ப எங்கே போவது? வீதியில் இறங்க ஏலாது. பின்வேலிக்குப் போய் அயலட்டைப் பெண்களைக் கூப்பிட்டேன். "விளக்குக்கு வைச்சிருக்கிற மண்ணெண்ணெயிலை கொஞ்சம் தாருங்கோ, நாளைக்குக் காலமைச் சாப்பாடு உங்கடை வீட்டுக்கு என்ரை பொறுப்பு." ஊரடங்கில் தெரு வெறிச்சோடிக் கிடக்க, வேலிக்கு மேலால் போத்தல்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று பாதி, ஒன்று கால். ஒவ்வொன்றையும் ஒரு துளி கடதாசியில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன். "எங்களை நம்பமாட்டியே?" என்று ஒருத்தி கேட்டாள். "உன்னை நம்புவன், எண்ணெயை நம்பமாட்டன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஊரடங்கு எடுத்தாச்சு. கப்பல் வரும் என்ற கதையும் வந்துவிட்டது. சனம் குவிந்து நின்றது. பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி, பர்னர் வடிவாகச் சுடும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவசரப்பட்டு முன்னதாகக் காற்றடித்தால் ஆவி வராது, பச்சை எண்ணெய்தான் வந்து மஞ்சளாகப் பற்றிக் கரியைக் கட்டும். பிறகு அடித்தேன். சீறியது பார், அந்தச் சீறல்! நீலம். மயில் கழுத்து நீலம். பானை வைத்தேன், ஆவி வந்தது, தட்டுத் தட்டாக இடியப்பம் இறங்கியது. நீ ஏணைக்குள் ஒரு இருமல் இல்லாமல் கிடந்தாய்.

முதலாளி சொன்னபடி வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இண்டைக்குச் சரி. எத்தினை நாளைக்கோ" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சனத்துக்கு முன்னால் சொன்னேன், "முதலாளி, கடைக்குப் போய் ஒரு வெள்ளை வேட்டி எடுத்துக்கொண்டு வாங்கோ. பழசு வேண்டாம், கடையிலை இருக்கிறதிலை திறமானது." ஏன் என்றார். கொண்டு வாங்கோ என்றேன். கொண்டு வந்தார். விடியத் தொடங்கி அவிந்துகொண்டிருந்த பானையை இறக்கி, ஆறவைத்துக் கவிழ்த்து அவருக்கு முன்னால் வைத்தேன். "துடையுங்கோ." அவர் தயங்கினார். இடியப்பத்துக்கு நின்றவர்கள் எல்லாம் கதிரையை விட்டு எழும்பிவந்து சுற்றி நின்றார்கள். ஒரு கிழவி, "துடை மோனை, கப்பல் வரமுன்னம் துடை" என்றாள். முதலாளி வேட்டியின் ஒரு தலைப்பைப் பிரித்தார். பானை அடியை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார். பார்த்தார். அழுத்தி இன்னொரு சுற்றுத் துடைத்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

வெள்ளை. பொட்டில்லை, புள்ளியில்லை, வெறும் வெள்ளை. சனம் கைதட்டியது. கந்தையா அண்ணை, பிறேக் இல்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்று கூவினார். முதலாளி வேட்டியை மடிப்புக் கலையாமல் திரும்ப மடித்தார், கக்கத்தில் வைத்தார், "இரண்டு பார்சல் கட்டு பிள்ளை" என்றார். அவ்வளவுதான் அவருடைய மன்னிப்பு. பிறகு நடந்ததுதான் விசேஷம். அதே வேட்டியைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்து, அன்றைக்கே விற்றுவிட்டார்! மகனின் கலியாணத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு கப்பலுக்கு நின்ற ஒருவர், பானை துடைத்ததை நேரில் பார்த்தவர், அதைத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என் பானை அடியைத் துடைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு மாப்பிள்ளை மணவறையில் இருந்திருக்கிறான். இதைவிட எனக்கு என்னடா பட்டம் வேண்டும்?

அதற்குப் பிறகு ஒருநாளும் எங்களை அவர் வெளியே போகச் சொல்லவில்லை. அந்த அறையிலேயே நீ தவழ்ந்தாய், நடந்தாய், ஆனா ஆவன்னா எழுதினாய். பக்கத்துக் கடைக்கு வந்த அவருடைய பேத்தியோடு எப்போது கதைக்கத் தொடங்கினாய் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். தெரியும். சில வருசத்துக்கு முன்னம் ஊரே காஸுக்கு வரிசையில் நின்றபோது அந்த அடுப்பைத் திரும்ப எடுத்து ஊதி வைத்தேன். அப்போதும் நீலம்தான். நீ அப்போது வெட்கப்படவில்லை, புட்டுத் தின்றாய்.

கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்திமதி சொல்லவேண்டுமாம். சொல்லுகிறேன். ஒன்று மஞ்சளாக எரியத் தொடங்கினால் வாசலைக் குத்திவிட்டு முடிந்தது என்று நினைக்காதே, கழற்றி உள்ளே பார். எண்ணெய் என்று பெயர் இருந்தால் எண்ணெய் என்று நம்பாதே, ஒரு துளி விட்டுப் பார். சுடுமுன்னம் காற்றடிக்காதே. இதெல்லாம் அடுப்புக்குச் சொன்னது. சுகந்தியோடு இருக்கிறபோது உதவினால் அதற்கும் வைத்துக்கொள்.

இப்போது முக்கியமான விசயம். நேற்றுப் பின்னேரம் முதலாளி ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து அவரை இறக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கதிரையில் இருந்து மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார், "பிள்ளை, அந்த அடுப்பு இருக்கோ?" இருக்கிறது என்றேன். "கலியாணப் பலகாரச் சூட்டுக்கு அது வேணும். முதல் எண்ணெய்ச் சட்டி அதிலைதான் வைக்கவேணும். காஸ் அடுப்பு நாலு கிடக்குது, எனக்கு அது வேண்டாம்." உடனே எடுத்துக் காட்ட எழும்பினேன். ஆனாலும் உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, "அந்தக் கதையைப் பொம்பிளை வீட்டிலை எடுக்கவேண்டாமெண்டு மகன் சொல்லியிருக்கிறான்" என்றேன். மனுசன் பல்லில்லாத வாயால் சிரித்தார். "ஆருக்குத் தெரியாமல் இருக்க? சின்னனிலை சுகந்திக்குச் சோறு தீத்தேக்கை நான் சொல்லுற கதையே, கந்தையா எனக்குச் சொன்ன அந்தக் கதைதான். வாளிக்குள்ளை பர்னர் விழுந்து 'சீ' எண்டு சத்தம் போட்டால்தான் அவள் வாய் திறப்பாள். அந்த அடுப்புக்காரி வீட்டுப் பெடியன் எண்டுதான் உன்ரை மோனை முதல் திரும்பிப் பாத்தவளாம், அவளே எனக்குச் சொன்னவள்."

கேட்டாயா, வெட்கப்பட்டவனே? நீ ஒளிக்கச் சொன்ன கதையைக் கேட்டுத்தான் உனக்குப் பெண்டாட்டியாக வரப்போகிறவள் சோறு தின்று வளர்ந்திருக்கிறாள்.

ஆகவே சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கு. சாம்பலும் புளியும் எடுத்து வைத்திருக்கிறேன், பர்னரைக் கழற்றி நீயே துலக்கு. ஈய வாஷரில் கை வைக்காதே, அது கந்தையா அண்ணையுடையது. பிறகு பலகாரச் சூட்டுக்கு அந்த அடுப்பை நீதான் சுமந்துகொண்டு போகவேண்டும். ஆட்டோவில் இல்லை, நடந்து, கடைத்தெருவால், எல்லோரும் பார்க்க, உன் அப்பா சுமந்த அதே தோளில். உன்னிடம் இருக்கிற திறமான வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. பயப்படாதே, கரி படாது.

உன் அம்மா